முழங்கால் ஆழத்துத் தண்ணீர்

எனக்கு நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச வராது. பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லும் முறை என் பக்கமாக வரும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும். "கர்த்தர் நல்லவர், இதுவரைக்கும் நடத்தினார்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள். தேவனுடைய வாக்குத்தத்தம் நிறைவேறியதைப் பற்றி ஆளுக்கொரு சாட்சி சொல்ல வேண்டும் என்று போன மாதம் சொன்னபோதும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லியிருக்கலாமே என்று மனது அரித்தது. வாயில் வராதது கையிலாவது வருகிறதா பார்க்கலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்தது எட்டாம் வகுப்புதான். நடந்ததை நடந்தபடி சொல்ல அது போதும்.

இது நாற்பத்திரண்டாம் வருஷம் நடந்தது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. அவர் ஊர் ஆழ்வார்திருநகரிக்கு அப்பால் பனங்காட்டுப் பக்கம். என் ஊரும் அதற்கு அடுத்ததுதான். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோமே தவிர, கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். தலைப்பிள்ளை அப்போது தவழத் தொடங்கியிருந்தான்.

வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வேதத்திலிருந்து வாக்குத்தத்த வசனங்களைச் சிறு சீட்டுகளில் எழுதிச் சுருட்டி, ஒரு பித்தளைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு. ஜெபித்துவிட்டுக் கையை நீட்டி எடுக்க வேண்டும். எது வருகிறதோ அது அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்குச் சொன்ன வாக்கு. அந்த வருஷம் என் கணவர் எடுத்த சீட்டில், வறண்டுபோன இடத்திலும் கர்த்தர் ஊற்றைத் திறந்து தண்ணீர் தருவார் என்ற கருத்துள்ள வசனம் வந்தது.

"தெருமுனையில குழாய் இருக்கே அத்தான். நமக்கு எதுக்கு ஊத்து?" என்று கேட்டேன்.

"கேலி பேசாதளா. குடுத்தவருக்குத் தெரியும்" என்றார். கஞ்சியைத் தடவி அந்தச் சீட்டைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

பங்குனி மாதக் கடைசியில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் தோணி போக்குவரத்து எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கடை வைத்திருந்தவர்கள் கையில் அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அடுத்தது நம் துறைமுகம்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. வசதி உள்ளவர்கள் கயத்தாறு, கோவில்பட்டி என்று உள்ளே போய்விட்டார்கள். என் கணவர் வேலையை விட முடியாது. ஆனால் என்னையும் பிள்ளையையும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க அவருக்கு மனம் இல்லை. மாப்பிள்ளையூரணியைத் தாண்டிக் கடலோரமாக ஒரு மணல்காட்டில் ஓலைக் குடிசை போட்டுக் குடிவைத்தார். தினமும் விடிந்ததும் அங்கிருந்து வேலைக்கு நடந்து போய்ச் சாயங்காலம் வருவார். சந்து வீட்டுக் கதவில் இருந்த சீட்டை ஈரத் துணியால் நனைத்துக் கிழியாமல் உரித்து, குடிசைக் கதவில் மறுபடி ஒட்டினார்.

அந்த மணல்காட்டில் ஏற்கெனவே சில கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. புராட்டஸ்டன்ட் சபையாரான எங்களை அவர்கள் வேதக்காரர் என்பார்கள். எங்களுக்கு அடுத்த குடிசைக்காரர் சங்கு குளிக்கிறவர், கடலில் மூழ்கி அடியிலிருந்து சங்கு எடுப்பவர். சங்குக் காலம் முடிந்து வீட்டில் இருந்தார். அவர் மனைவி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும்.

அங்கே எல்லாம் சரி. தண்ணீர்தான் இல்லை. ஒரு பழைய கிணறு இருந்தது, கரிக்கும். போன புதிதில் தெரியாமல் அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிள்ளைக்கு வயிறு கெட்டுவிட்டது. கன்னம் ஒட்டிப்போயிற்று. டவுனில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். "நல்ல தண்ணி மட்டும் குடு. இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்கமாட்டான்" என்றார். நல்ல தண்ணீர் இல்லையென்றால் பிள்ளையோடு டவுனுக்கே திரும்ப வேண்டும். அங்கே தலைக்கு மேல் குண்டு. எங்கள் கவலை முழுவதும் ஒரு குடம் தண்ணீரில் வந்து நின்றது.

அக்காதான் என்னை ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். பெண்கள் ஆளுக்கொரு குழியாக மணலைக் கையால் தோண்டுவார்கள். முழங்கால் ஆழம்கூட இருக்காது. அடியில் மணல் கறுத்து, பிறகு ஊறி, கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும். தேங்காய்ச் சிரட்டையால் மெதுவாகக் கோரிக் குடத்தில் ஊற்ற வேண்டும். கோரக் கோர ஊறும், ஆனால் நிதானமாக ஊறும். ஒரு குடம் நிறைய நேரமாகும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். போகும்போது குழியை ஓலையால் மூடிவிட்டுப் போவார்கள். வாளியை யாரும் கொண்டுவரக் கூடாது. அது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம்.

அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. பிள்ளை தேறினான்.

என் கணவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் மாதிரி, பிறர் பள்ளத்தில் தினமும் போய் உட்கார்ந்து தண்ணீர் கோருவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. நான் கூச்சப்படுகிறவள் என்று ஊருக்கே தெரியும். அவருடைய கூச்சம் வேறு மாதிரி. வாங்குவதற்குக் கூசுவார்.

ஒருநாள் கதவில் இருந்த சீட்டைத் தொட்டுக் காட்டினார். "இது இப்பதான் எனக்கு விளங்குது. வருசப் பிறப்புலயே ஆண்டவர் இந்த எடத்தைப் பாத்துத்தான் சொல்லியிருக்காரு. இங்கன ஒரு கிணறு வெட்டப் போறேன். நமக்கும் ஆச்சு, இந்தச் சனங்களுக்கும் ஆச்சு."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் ஜெபம் பண்ணிவிட்டு, எங்கள் குடிசைக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு இடத்தில் மண்வெட்டியைப் போட்டார். வேலைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். சங்கு குளிக்கிறவர் ஒரு பீடியோடு வந்து மேட்டில் குத்தவைத்து வேடிக்கை பார்த்தார்.

"அண்ணாச்சி, கிணறு தோண்டுதீயளா, கடலைத் தோண்டுதீயளா?"

"எங்க ஊருல வந்து பாரும். பனை உசரம் கிணறு. ஆழமாப் போகப் போகத்தான் தண்ணி சுரக்கும்."

"ஒங்க ஊருல கீழ பாறை கெடக்கும். இங்கன கீழ என்ன கெடக்குன்னு நான் போய்ப் பாத்திருக்கேன்."

இடுப்பளவு வந்ததும் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல தண்ணீர்! என் கணவர் குழிக்குள் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார், எனக்கும் கொடுத்தார். அங்கேயே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் பண்ணினோம். அக்காவும் வந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இதோட நிப்பாட்டிருங்க. இதுக்குக் கீழ போவக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரவிய சொல்லுதாவ."

"ஊத்துக்கே இவ்வளவு தண்ணின்னா, கிணத்துக்கு எவ்வளவு இருக்கும் தங்கச்சி! ஆண்டவர் குடுக்கும்போது நாம ஏன் பாதியில நிப்பாட்டணும்?"

அவர் ஆள் உயரத்துக்கும் கீழே போனார். மணல் சரியாமல் இருக்கப் பனந்தடியைப் பிளந்து உறை இறக்கினார். நெஞ்சளவு தண்ணீர் நின்றது. ஒரு வாளியும் கயிறும் வாங்கிவந்து போட்டு, எல்லாரையும் கூப்பிட்டு இறைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் தயங்கினார்கள். வைகாசி வெயில். சிரட்டையோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வாளியைப் பார்த்தால் ஆசை வராதா? எல்லாரும் இறைத்தோம். துணி துவைத்தோம். குசினிக்குப் பக்கத்தில் அக்கா கீரைகூட விதைத்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் என் கணவர் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதில் ஒரு பங்கு எனக்கும் இருந்தது.

பிறகு ஒருநாள் பருப்பு வேகவில்லை. விறகுதான் ஈரம் என்று நினைத்தேன். மறுநாளும் வேகவில்லை. மசித்தால் கல் மாதிரி கிடந்தது. அதற்கடுத்த நாள் பிள்ளைக்குச் சங்கில் தண்ணீர் ஊட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வாயில் வைத்துப் பார்த்தேன். லேசாகக் கரித்தது.

உடனே குடத்தையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினேன். அங்கே அக்காவும் வேறு இரண்டு பெண்களும் எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் குழிகளிலும் கரிப்பு. ஒருத்தி சிரட்டையை என் காலடியில் போட்டாள்.

"வேதக்காரவியளுக்குக் கடலு பத்தலையாம். வீட்டு வாசல்லயே ஒண்ணு வெட்டுதாவ!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "ஏளா, வாளி போட்டு எறைக்கும்போது நீயுந்தான் நின்ன. அப்ப இனிச்சுதுல்லா? சும்மா கெட." பிறகு என்னிடம் மெதுவாக, "ஆனா உள்ளதைச் சொல்லுதேன், அந்தக் கிணறு அங்க கெடக்குற வரைக்கும் இது தேறாது" என்றாள்.

சாயங்காலம் சங்கு குளிக்கிறவரே வந்து என் கணவரிடம் சொன்னார். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே, பாலின் மேல் ஆடை மாதிரி மெல்லிசாகப் படர்ந்து கிடக்கிறது. மேலாகக் கோரினால் நாளெல்லாம் கிடைக்கும். ஆழமாகப் போய் வாளி போட்டு இழுத்தால் ஆடை கிழிந்து அடியில் உள்ளது ஏறிவிடும். "நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போற எடத்துக்கு நீங்க மம்பட்டியோட போயிட்டீய அண்ணாச்சி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "மூடிருங்க. வேற வழி கெடையாது."

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. இது விசுவாசத்துக்கு வந்த சோதனை, இன்னும் கொஞ்சம் கீழே போனால் நல்ல ஊற்றுக் கண் திறக்கும் என்றார். மறுநாள் வேலைக்குப் போகாமல் இறங்கி வெட்டினார். வெட்ட வெட்ட உப்பு. மத்தியானம் மேலே ஏறிவந்தபோது அவர் முழங்கையில் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு மூட்டையோடு உழைக்கிறவர், அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குடிசைக்குள் வந்து கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"மூடச் சொல்லுதான். என் கையாலயே மூடச் சொல்லுதான். ஆண்டவர் குடுத்த கிணறுளா அது. அதை மூடிட்டா, அவர் சொன்னது பொய்யின்னு நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆயிரும்லா?"

பிள்ளை மடியில் சோர்ந்து கிடந்தான். அக்கா தூரத்தில் வடக்கே எங்கேயோ போய்க் கோரிக்கொண்டு வந்ததில் ஒரு செம்பு அவனுக்கென்று கொடுத்திருந்தாள். அதைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதற்கு எதிராக ஒரு வார்த்தை அதுவரைக்கும் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் பிள்ளையிடம்தான் சொல்வேன். அன்றைக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"ஏலே, ஒங்கப்பாட்ட கேளு. அந்தச் சீட்டுல தண்ணி தாறேன்னுதானே இருக்கு? கிணறு தாறேன்னு எங்க இருக்கு? நாம வந்த புதுசுலயே முழங்கால் ஆழத்துல தந்தாரே, அது யாரு தந்தது? நாமதான் அதை எண்ணாம வுட்டுட்டோம்."

சொல்லிவிட்டு எனக்கே பயமாகிவிட்டது. தலையைத் தூக்கவில்லை. அவர் கதவில் இருந்த சீட்டை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, "ஒங்கம்மைக்கு வாய் வந்துட்டுலே" என்று பிள்ளையிடம் சொன்னார். எழுந்து வெளியே போனார். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தோண்டுகிற சத்தத்துக்கும் தள்ளுகிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். அது தள்ளுகிற சத்தம்.

நான் எட்டிப் பார்த்தபோது சங்கு குளிக்கிறவரும் அவரோடு நின்றிருந்தார். இரண்டு பேரும் பனந்தடியை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார்கள். மேட்டிலிருந்து சுத்தமான மணலாகப் பார்த்து அள்ளிப் போட்டார்கள். "செறுக்கி மவன் பனந்தடி, எறக்கும்போது எளக்கமா எறங்குது, ஏறும்போது மாமியா வீட்டுக்குப் போற மாதிரி மொறண்டு பிடிக்கு" என்று சங்கு குளிக்கிறவர் சொன்னதும் என் கணவர் சிரித்துவிட்டார். இரண்டு நாளாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இருந்த நாட்களைத்தான் நான் சாட்சி என்று நினைக்கிறேன். கிணறு இல்லை. ஊற்று தேறவில்லை. அது தேறும் என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. என் கணவர் வேலை முடிந்து வரும்போது டவுன் குழாயிலிருந்து ஒரு கூஜாவில் பிள்ளைக்குக் கொண்டுவருவார். அந்த வெயிலில் அது சாயங்காலத்துக்கும் இரவுக்கும்தான் காணும். காலைக்கு அக்கா வீட்டுச் செம்பு. சில நாள் சிரட்டையை என் காலடியில் போட்டவளே வந்து எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு இருக்கா?" என்று கேட்டு, தன் குடத்திலிருந்து ஊற்றிவிட்டுப் போவாள். மறுநாளைக்கு என்ன என்று எந்த நாளும் தெரியாது. ஆனால் எந்த நாளும் பிள்ளை தாகத்தோடு படுக்கவில்லை. வாங்குவதற்குக் கூசுகிற என் கணவர் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாங்கினார். வாங்கிவிட்டுத் தலையைக் குனிந்து நன்றி சொன்னார். குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, தண்ணீர் தாரும்" என்று கேட்டு வந்தவர், "இன்றைக்குத் தண்ணீர் தந்தீரே" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் கேட்கமாட்டார்.

ஆனி பிறந்து ஒரு காலையில் அக்கா பள்ளத்திலிருந்து கத்தினாள். "ஏளா! மாதாவே! பிள்ளையத் தூக்கிட்டு வா!"

என் கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மூன்று பேருமாகப் போனோம். அக்கா புதிதாக ஒரு குழி தோண்டியிருந்தாள். சிரட்டையில் கொஞ்சம் கோரி என்னிடம் நீட்டினாள். நான் குடிக்காமல் பிள்ளையின் வாயில் வைத்தேன். அவன் ஒரு மடக்கு குடித்தான். சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடியும் குடித்தான். காலியான பிறகும் சிரட்டையை விடவில்லை, ஈறால் கடித்தான். அக்கா கைகொட்டிச் சிரித்தாள். என் கணவர் மணலிலேயே முழங்கால் போட்டார். ஜெபம் சொல்லப் போகிறார் என்று கண்ணை மூடினேன். சத்தம் வராததால் திறந்து பார்த்தேன். அவர் கையால் ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார். சின்னக் குழி. தண்ணீர் ஊறும்வரைக்கும் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு சிரட்டையால் கோரிக் குடத்தை நிறைத்து, தன் தோளில் தூக்கிக்கொண்டு வந்து குடிசையில் வைத்தார். ஆம்பிளை குடம் தூக்குவதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகப் பிந்திவிட்டது.

அது முதல் காலைத் தண்ணீர் அவர் பொறுப்பு. சங்கு குளிக்கிறவர் தினமும் மேட்டில் நின்று, "அண்ணாச்சி, ஆழமாப் போயிராதீய!" என்று கத்துவார். இவரும், "இல்லவே, முழங்காலுதான்!" என்று கத்துவார். அது அந்தக் கரையில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

குண்டு விழவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் டவுனுக்குத் திரும்பினோம். கிளம்பும்போது கதவில் இருந்த சீட்டை உரிக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்ளா, இங்கன வாற ஆளுக்கும் தண்ணி வேணும்லா?" என்றார். அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

இப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் பக்கத்து வீட்டில் கேட்க என் கணவர் கூசுவதில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு அவரே போய்விடுகிறார். போன கிறிஸ்துமஸுக்கு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். சிரட்டையைக் கடித்த பிள்ளை இப்போது அப்பாவைவிட உயரம். அவன்தான் எல்லாருக்கும் சாப்பாட்டுக்குத் தண்ணீர் வைத்தான். என் கணவர் செம்பைக் கையில் எடுத்ததும் சங்கு குளிக்கிறவர் சத்தமாக, "அண்ணாச்சி, ஆழமாப் போயிராதீய!" என்றார். நாங்கள் நாலு பேரும் சாப்பிட முடியாமல் சிரித்தோம். பிள்ளை ஒன்றும் புரியாமல் தண்ணீர்ச் செம்போடு நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

அவனுக்கும் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.